வன்னியில் புதிய ஏஜென்சி ஒன்றில் ரெப்பாக (விற்பனைப் பிரதிநிதியாக) சேருகிறீர்களா?

கம்பனியிடமிருந்து பிஸ்கற், சோப், பால்மா, சோடா என்று மொத்தமாக எடுத்து, ஊர்க் கடைகளுக்குப் போட்டுக் காசு சேர்க்கும் ஏஜென்சி தொடங்கிய புதிதில் நாலைந்து பேருடன்தான் ஓடும். முதலாளி, ஒரு ரெப், ஒரு சாரதி, பில் அடிக்க ஒரு தங்கச்சி, ஏற்றி இறக்க ஒரு பொடியன். உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிற பிள்ளைக்கு கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எளிதாகக் கிடைக்கக்கூடிய வேலைகளில் இதுவும் ஒன்று. மோட்டார் சைக்கிளும் லைசென்ஸும் இருந்தால் அடுத்த திங்களே வரச் சொல்வார்கள்.

சேருவது சுகம். முதல் மூன்று மாதத்தைத் தாண்டுவதுதான் பாடு. இடையில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு விற்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. கடைக்காரர் கேட்டதையெல்லாம் போட்டுவிட்டு, போட்டதன் காசை எடுக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறவர்களே அதிகம். அதனால் இந்தக் குறிப்பில் விற்கும் வித்தையைப் பற்றிக் குறைவாகவும் பில், கடன், காசு பற்றி அதிகமாகவும் இருக்கும்.

சேர முன்னம் பார்க்க வேண்டியவை

ஏஜென்சிக்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தனியாளோ பங்காளிகளோ நடத்தினால் வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகம் ஊடாக எடுக்கப்பட்டிருக்கும். கம்பனியாக நடத்தினால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்திருப்பார்கள். பதிவுப் பத்திரம் பெரும்பாலும் கந்தோர்ச் சுவரிலேயே தொங்கும். அதைவிட முக்கியமானது, சரக்குத் தரும் தாய்க் கம்பனி இந்த ஏஜென்சிக்கு எந்தப் பிரதேசத்தைக் கொடுத்திருக்கிறது என்ற கடிதம். புதுக்குடியிருப்பு இன்னொருவருடைய ஏரியா என்றால், அங்கே நீங்கள் பிடிக்கிற ஓடர் எல்லாம் சண்டையில்தான் முடியும்.

பிறகு களஞ்சியத்துக்குள் ஒருதரம் போய் வாருங்கள். பெட்டிகள் வெறும் நிலத்தில் கிடக்கின்றனவா, பலகை போட்டு அடுக்கியிருக்கிறதா? திகதி முந்துகிற சரக்கு முன்னுக்கு நிற்கிறதா? ஒரு மூலையில் டமேஜ் பெட்டிகள் குவிந்து கிடந்தால், கம்பனி அதைத் திருப்பி எடுக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சுமை ஒருநாள் ரெப்பின் தலையில் இறங்கும். அந்த ஏஜென்சி சரக்குப் போடும் இரண்டு கடைகளுக்குப் போய், "இவை ஒழுங்கா வாறவையோ, எக்ஸ்பயர் ஆனதைத் திருப்பி எடுக்கிறவையோ?" என்று விசாரித்தால், இன்டர்வியூவில் கேட்டு அறிய முடியாததைக் கடைக்காரர் ஒரு வசனத்தில் சொல்லிவிடுவார்.

வேலைக்குச் சேர நீங்கள் காசு கட்ட வேண்டும், உங்களுக்குக் கீழே மூன்று பேரைப் பிடித்துத் தர வேண்டும், சம்பளம் அவர்கள் கட்டும் காசிலிருந்துதான் வரும் என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். ஏஜென்சி என்று பெயர்ப்பலகை இருந்தாலும் அது பிரமிட் திட்டம். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் (பின்னைய திருத்தங்களுடன்) அதைத் தடை செய்கிறது. ஆள் சேர்த்துக் கொடுத்தவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். உங்களை நம்பிக் காசு கட்டிய மாமியும் சித்தப்பாவும் வாசலில் வந்து நிற்பது வேறு.

சம்பளத்தைப் பேசும் விதம்

"அடிப்படையும் கொமிஷனும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். போக விடாதீர்கள். கொமிஷன் விற்பனைக்கா, வசூலித்த காசுக்கா? டார்கட்டின் (மாத விற்பனை இலக்கின்) எத்தனை வீதத்துக்குக் கீழே போனால் கொமிஷன் இல்லை? திரும்பி வந்த சரக்கைக் கழித்த பிறகா கணக்கு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். 15 இலட்சம் டார்கட், 80 வீதத்துக்குக் கீழே கொமிஷன் இல்லை, ஒரு வீதக் கொமிஷன் என்று ஒரு ஒப்பந்தத்தை எடுங்கள். 12 இலட்சம் விற்றால் 12,000 ரூபா. 11 இலட்சத்து 90,000 விற்றால் பூச்சியம். மாதக் கடைசியில் ரெப்மார் ஏன் தலைகீழாக நிற்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

அடுத்தது எரிபொருள். நாளுக்கு 80 கிலோமீற்றர், மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 ஓடும் சைக்கிளுக்கு ஏறத்தாழ 44 லீற்றர் வேண்டும். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 13,300 ரூபா. ஒயில், டயர், செயின் இதில் இல்லை. எரிபொருட்படி 10,000 என்று சொன்னால் மிச்சத்தை உங்கள் சம்பளத்திலிருந்து நீங்கள்தான் ஊற்றுகிறீர்கள். லீஸிங்கில் சைக்கிள் எடுக்கிற யோசனை இருந்தால் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்களிடமிருந்து 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அது முழுக்க முதலாளியின் செலவு. 40,000 ரூபா சம்பளத்தில் உங்களுக்கு 3,200 பிடிபடும், நிதிக்கு மாதம் 8,000 சேரும். புதிய ஏஜென்சிகளில் "ஆறு மாதம் போகட்டும், பிறகு ஈ.பி.எஃப். போடுவம்" என்பது வழக்கமான பேச்சு. சட்டத்தில் அப்படி ஒரு ஆறு மாதம் கிடையாது. முதல் நாளிலிருந்தே போட வேண்டும். அங்கத்தவர் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, மூன்றாம் மாதம் காசு உண்மையில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் கந்தோரில் முறையிடலாம்.

நியமனக் கடிதம் இல்லாமல் வேலைக்கு இறங்க வேண்டாம். பதவி, அடிப்படைச் சம்பளம், கொமிஷன் விதி, லீவு, வேலை நேரம் அதில் இருக்க வேண்டும். கொடுக்க வேண்டியது உங்கள் பக்கத்தில் கிராம அலுவலர் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, சான்றிதழ்ப் பிரதிகள், ஒன்றோ இரண்டோ பிணையாளர்கள். கொடுக்கக் கூடாதவை கையெழுத்து வைத்த வெறும் செக், கையெழுத்து வைத்த வெறுந்தாள், அசல் சான்றிதழ். "எல்லாரும் தந்தவைதான்" என்பார்கள். பிணையாளரிடமும் எவ்வளவு தொகைக்கு என்று இலக்கத்திலும் எழுத்திலும் குறிப்பிட்ட தாளில் மட்டும் ஒப்பமிடச் சொல்லுங்கள்.

முதற் கிழமை: கொப்பி

பழைய ரெப் ஒருவர் விட்டுப்போன ரூட்டை உங்களிடம் தந்தால், முதல் வேலை கடைக் கடனைக் கையேற்பது. ஏஜென்சியின் கணக்கில் ஒரு தொகை இருக்கும், கடைக்காரரின் கொப்பியில் வேறொன்று இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் முதலாளியுடனோ ஏரியா மனேஜருடனோ சேர்ந்து போய், நிற்கும் பில் இலக்கம், திகதி, தொகை மூன்றையும் எழுதி, கடைக்காரரிடம் ஒப்பமும் முத்திரையும் எடுங்கள். "அதை அந்தத் தம்பி வாங்கிக்கொண்டு போயிற்றாரே" என்று ஒரு கடை சொன்னால், அது உங்களுக்கு முந்திய காலத்துப் பிரச்சினை என்று அன்றைக்கே எழுத்தில் ஆக வேண்டும். இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் காசைத் தொட்டது நீங்கள் என்று வரும்.

ஃபோனில் அல்லது டப்பில் (டப்லெட் கணினியில்) ஓடர் போடும் செயலி இருந்தாலும், சட்டைப் பைக்குள் கொள்ளும் ஒரு கொப்பி வைத்திருங்கள். மல்லாவிக்கு அப்பால் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் கொப்பிதான் கை கொடுக்கும். ஒரு கடைக்கு ஒரு பக்கம். மேலே கடைப் பெயர், காசு தருகிற ஆள் யார் (பெயர்ப்பலகையில் இருப்பவரும் காசு தருபவரும் பல இடங்களில் வேறு வேறு), அவர் கடையில் நிற்கும் நேரம். கீழே திகதிவாரியாகப் போட்டது, எடுத்தது, மிச்சம்.

ரூட்டைக் கிழமை நாளோடு கட்டுங்கள். பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஒரு நாள். மாங்குளம், மல்லாவி, துணுக்காய் ஒரு நாள். ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு ஒரு நாள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கும் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கும் தனித்தனியே 50 கிலோமீற்றர் அளவு தூரம் இருக்கிறது. ஒரு கடைக்கென்று திரும்பி ஓடினால் அந்த நாள் முடிந்தது. செவ்வாய் என்றால் செவ்வாய்தான் வருவார் என்று கடைக்குத் தெரிந்துவிட்டால் காசை எடுத்து வைப்பார்கள். நினைத்த நேரம் போகிற ரெப்புக்கு "நாளைக்கு வாங்கோ" மட்டும் கிடைக்கும்.

கடைக்குள்

உள்ளே போனதும் ஓடர் கேட்கிற பழக்கம் வேண்டாம். முதலில் ராக்கையைப் பாருங்கள். போன கிழமை போட்ட 12 பக்கற்றில் எத்தனை மிச்சம், முன்னுக்கு நிற்கிறதா, வேறு சரக்குக்குப் பின்னால் தள்ளுப்பட்டிருக்கிறதா? பிறகு காசு. அதற்குப் பிறகுதான் புது ஓடர். "அண்ணை, போன கிழமைப் பில் 8,450 நிக்குது. அதை முடிச்சிட்டு இண்டைக்கு என்ன தேவையெண்டு பாப்பம்." புது ஓடரை முதலில் எழுதிவிட்டுப் பழைய காசைக் கேட்டால், உங்கள் கையில் இருந்த ஒரே பிடியையும் விட்டுவிட்டீர்கள்.

முதல் வியாபாரம் நடக்க முன்னம் காசு கேட்காதீர்கள். செவ்வாய், வெள்ளியில் கையால் காசு கொடுக்காத கடைகளும், விளக்கு வைத்த பிறகு கல்லாவைத் திறந்து கொடுக்காத கடைகளும் இருக்கின்றன. அவற்றை வேறு நாளில் வையுங்கள். முஸ்லிம் முதலாளிமாரின் கடைகளுக்கு வெள்ளி மதியம் ஜும்மா நேரத்தில் போய் வாசலில் நிற்பதில் பயனில்லை. காலையிலோ பின்னேரமோ போங்கள். வயதில் மூத்தவரை ஐயா, நடுவயதினரை அண்ணை, கடை நடத்தும் பெண்களை அக்கா. "முதலாளி" என்றாலும் குறை வராது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது எத்தனை வருடப் பழக்கமானாலும் எடுபடாது. வவுனியா தெற்குப் பக்கமும் தலைமைக் கந்தோரும் சிங்களத்தில்தான் பேசும் என்பதால், எண்களும் சரக்குப் பெயர்களும் திகதியும் சொல்லும் அளவுக்காவது சிங்களம் பழகிக்கொள்ளுங்கள்.

பில்லை மூன்று பிரதியில் எழுதி, கடைக்காரர் முன்னாலேயே சரக்கை எண்ணிக் கொடுத்து ஒப்பம் எடுங்கள். அவர் இல்லை, மகன் நிற்கிறான் என்றால் மகனுடைய பெயரை எழுத வையுங்கள். "நான் எடுக்கேல்லை" என்ற கதை இப்படிப் பெயரில்லாத ஒப்பங்களிலிருந்துதான் பிறக்கிறது.

கடனும் வசூலும்

ஏஜென்சிக்கு எல்லாச் செலவும் போக ஒரு சரக்கில் 5 வீதம் நிற்கிறது என்று வைப்போம். ஒரு கடையில் 60,000 ரூபா வராமல் போனால், அதை ஈடுசெய்ய இன்னும் 12 இலட்சத்துக்கு விற்க வேண்டும். அது உங்கள் முழு மாத உழைப்பு. புதிய ஏஜென்சியிடம் கைமுதல் குறைவு என்பதால் இப்படி இரண்டு கடை விழுந்தாலே கம்பனிக்குச் செக் கொடுக்க முடியாமல் சரக்கு நின்றுவிடும். சரக்கு நின்றால் உங்கள் டார்கட்டும் அதோடு நின்றுவிடும்.

ஆகவே ஒவ்வொரு கடைக்கும் இரண்டு எல்லை வையுங்கள், தொகையில் ஒன்று, நாளில் ஒன்று. புதுக் கடைக்கு முதல் மூன்று தரம் கைக்காசு. அதன் பிறகு ஒரு கிழமைக் கடன், தொகை அந்தக் கடை ஒரு கிழமையில் உண்மையில் விற்கும் அளவு. "ஒரு பில் நிற்கலாம், இரண்டு பில் நிற்கக் கூடாது" என்ற விதியைச் சொல்லிவிட்டு, முதல் தரம் மீறும்போதே பிடியுங்கள். மூன்றாவது பில்லும் போன பிறகு கடைக்காரர் உங்களைக் கண்டால் பின்பக்கத்தால் போகத் தொடங்குவார். அவர் கெட்டவர் என்றில்லை, ஊரே அவரிடம் கொப்பியில் கடன் வாங்கியிருக்கிறது.

அந்த ஊர்க் கொப்பிக்கும் நெற்போகத்துக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொண்டவர்தான் வன்னியில் நின்று பிடிப்பார். ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பு, பசளை, உழவு என்று கமக்காரரின் காசெல்லாம் வயலுக்குள் போகும். கடையில் கடன் ஏறும். மழையும் சேரும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் தண்ணீர் ஏறிவிடும். வாடையில் கடல் கொந்தளிப்பதால் முல்லைத்தீவுக் கரையோரக் கடைகளிலும் காசு ஓட்டம் குறையும். இந்த மாதங்களில் கடன் எல்லையைக் குறைத்து, அடிக்கடி போய், சின்னச் சின்னப் பில்லாகப் போடுங்கள். தை கடைசியிலிருந்து பங்குனி வரை காலபோக அறுவடை. நெல் விற்ற காசு கடைக்கு வந்ததும், முதலில் போகிற ரெப்புக்குத்தான் கிடைக்கும். சித்திரை வருடப்பிறப்பு வரை இது ஓடும். பிறகு சிறுபோகம் வெட்டும் ஆவணி, புரட்டாதியில் சின்ன ஏற்றம், அதுவும் குளத்தில் தண்ணீர் இருந்து விதைத்த ஊர்களில் மட்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா போன்ற நாட்களுக்குச் சோடா, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கற் பத்து நாள் முன்னமே கடைக்கு ஏற வேண்டும். இந்த ஓடர்களைக் கைக்காசுக்கே போடலாம், ஏனென்றால் இரண்டு நாளில் விற்றுவிடும்.

செக் வாங்கும்போது திகதி, பெயர், இலக்கத்திலும் எழுத்திலும் உள்ள தொகை, ஒப்பம் நான்கையும் கடையில் நின்றே பாருங்கள். வெட்டித் திருத்தியதை வாங்க வேண்டாம். பின்திகதியிட்ட செக் என்றால் 14 நாளுக்கு மேல் போகாமல் பாருங்கள். ஒருதரம் செக் திரும்பிய கடைக்கு, அந்தக் காசு கையில் வரும்வரை அடுத்த பில் இல்லை. இதில் ஒரு விதிவிலக்கும் கொடுக்காதீர்கள். கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்குப் போடுகையில் கணக்கு வேறு. அங்கே காசு முங்காது, ஆனால் ஓடர், சரக்கை ஏற்றுக்கொண்ட சிட்டை, ஒப்பங்கள் எல்லாம் சரியாக இருந்தால்தான் செக் எழுதுவார்கள். ஒரு தாள் குறைந்தாலும் அடுத்த மாதம்தான்.

கைக்காசை வாங்கியதும் ரசீது. அன்று பின்னேரமே தாள் வாரியாக எண்ணி எழுதி ஒப்படையுங்கள், அல்லது வங்கியில் போடுங்கள். இளம் ரெப்மாரை விழுத்துவது ரோலிங் என்று சொல்லப்படுகிற பழக்கம். பெற்றோலுக்கு 2,000 குறைந்தது என்று ஒரு கடையின் காசிலிருந்து எடுப்பது, நாளைக்கு அதை இன்னொரு கடையின் காசால் மூடுவது. இரண்டாவது ஓட்டையை மூன்றாவது கடையால் மூடுவது. 2,000 என்று தொடங்கியது இலட்சத்தைத் தாண்டும்வரை யாருக்கும் தெரியாது, தெரியவரும் நாளில் அது நம்பிக்கை மோசடி வழக்கு. பெற்றோலுக்குக் காசில்லை என்றால் முதலாளியிடம் கேளுங்கள், எழுதி எடுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இலவசச் சரக்கும் எக்ஸ்பயரும்

பன்னிரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று கம்பனி திட்டம் போடும். அந்த ஒன்றை ஏஜென்சி தன் கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகுதான் கம்பனியிடம் கோரும். பில்லில் இலவசம் தனி வரியாக இல்லை, கடை ஒப்பம் இல்லை, திட்டத் திகதிக்கு ஒரு நாள் பிந்திய பில் என்றால் கோரிக்கை தள்ளுபடியாகும். கழிவது ஏஜென்சிக்கு, சில இடங்களில் ரெப்பின் கொமிஷனில். திட்டம் முடியும் திகதியைக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

திகதி முடிய மூன்று மாதம் இருக்கையிலேயே ராக்கையில் உள்ளதை எண்ணி ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். நெடுங்கேணியில் ஓடாத சரக்கு வவுனியா நகரத்தில் ஒரு கிழமையில் ஓடலாம். வன்னி வெயிலில் சொக்லேட்டும் மாஜரினும் வானுக்குள்ளேயே உருகும், காலை 10 மணிக்கு முன் இறக்கக்கூடிய கடைகளுக்கு மட்டும் அவற்றை ஏற்றுங்கள். மாரியில் பிஸ்கற் பெட்டி ஈரம் இழுக்கும். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேலே கடை விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பிடிக்கும். விலை மாறிய பழைய, புதிய சரக்கைக் கலந்து போட்டுக் கடைக்காரரை மாட்டிவிடாதீர்கள்.

மாதக் கடைசி

28 ஆம் திகதி டார்கட்டுக்கு ஒரு இலட்சம் குறைகிறது. பழக்கமான இரண்டு கடைக்குப் பில் அடித்துவிட்டு அடுத்த மாதம் ரிட்டேர்ன் எடுக்கலாம் என்று யாராவது சொல்லித் தருவார்கள், சில வேளை மேலே இருப்பவரே. அடுத்த மாதம் அந்த ஒரு இலட்சம் கழிந்துதான் தொடங்கும், அதோடு வழக்கமான டார்கட்டும் நிற்கும். கடைக்காரரின் பெயரில் அவருக்குத் தெரியாத கடன் ஒன்றும் நிற்கும். அதைவிட 22 ஆம் திகதியே கணக்கைப் பார்த்து, ஒரு மாதமாக ஓடர் தராத கடைகளைக் கொப்பியிலிருந்து எடுத்து இரண்டு நாள் அவற்றுக்கு மட்டும் ஓடுங்கள். பத்துக் கடை 6,000 ரூபாப்படி எடுத்தாலும் 60,000 ஆகிவிடும், அதுவும் விற்கக்கூடிய சரக்காக.

விட்டுப் போகும்போது

ஒன்றரை, இரண்டு வருடம் ரூட் ஓடியவரைப் பெரிய கம்பனிகள் தங்கள் ரெப்பாக எடுக்கத் தயங்காது. கொப்பியில் உள்ள கடைகளும் வசூல் வீதமும்தான் உங்கள் சான்றிதழ். போக முன்னம் அறிவித்தல் காலத்தை நியமனக் கடிதத்தில் பார்த்து, எழுத்தில் விலகல் கொடுங்கள். வந்தபோது செய்ததையே திருப்பிச் செய்யுங்கள்: புது ஆளுடன் எல்லாக் கடைக்கும் போய் நிற்கும் பில்களுக்கு ஒப்பம் எடுத்து, பில் புத்தகம், ரசீதுப் புத்தகம், டப், மாதிரிச் சரக்கு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்து, "இவரிடம் வரவேண்டியது எதுவும் இல்லை" என்ற கடிதத்தையும் சேவைச் சான்றிதழையும் கையில் வாங்குங்கள். பிணையாளர்கள் ஒப்பமிட்ட தாளையும் அன்றைக்கே திருப்பி எடுங்கள். கடைசிக் கொமிஷன் வசூலுக்குப் பிறகுதான் தருவோம் என்றால், எந்தப் பில்களுக்கு, எத்தனையாம் திகதிக்குள் என்று அதையும் எழுதி வாங்கிக்கொண்டே சாவியைக் கொடுங்கள்.